சுப்பராயன் பெயர் அச்சிட்ட அட்டை

அன்று புளியந்தோப்பில் ஜாபர் வீட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரரான ஜாபர், ஆட்டக்காரர்களின் படம் போட்ட அட்டைகளை விற்பவர். அவர் மனைவி ஜெரினா. எங்களுக்கு வழிகாட்டியாக வந்த சுப்புராஜ். அவன் எங்கள் தெருமுனையில் மீனுக்கு ஐஸ் உடைத்து விற்பவன். காலஞ்சென்ற என் தம்பி வேலப்பனின் மனைவி பூவம்மா. அவள் மகள் மங்கை. பிறகு நான், எத்திராஜ். இந்த ஆறு பேரைத் தவிர வேறு யாரும் அங்கே இல்லை. அங்கே இல்லாதவர்கள்தான் இப்போது அன்று நடந்ததை விவரமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். ஆகவே இதை எழுத வேண்டியதாயிற்று.

எங்கள் குடும்பம் ராயபுரத்தில் கடலோரத் தெருவில் இருப்பது. என் தகப்பனார் சொந்தப் படகு வைத்திருந்தார். நான் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் தம்பி வேலப்பன் ஒரு சரக்குக் கம்பெனியின் கால்பந்து அணியில் கோல்கீப்பராக இருந்தான். அவன் ஆடிய காலத்தில் அந்த அணி ஒரு கோப்பையை வென்றது. கோப்பை வந்த வருடமே மஞ்சள்காமாலை கண்டு இறந்தான். அப்போது பூவம்மா ஐந்து மாதக் கர்ப்பம்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வாழ்ந்து முடித்துப் போனவர்களின் படம் சுவரில் ஏறும். அகாலத்தில் போனவர்களின் படம் அவர்களோடு நெருப்புக்குப் போகும். முகத்தை வீட்டில் வைத்திருந்தால் அதைத் தேடிக்கொண்டு வாசலுக்கு வந்து நிற்பார்கள், போகிற இடத்துக்குப் போய்ச் சேர மாட்டார்கள் என்பது நம்பிக்கை. அதனால் வேலப்பனின் கல்யாணப் படம், கம்பெனி பாஸில் ஒட்டியிருந்த படம், அணியோடு எடுத்த படம் எல்லாம் சிதையில் வைக்கப்பட்டன. என் கல்யாணப் படத்தில் என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தவனைக்கூட என் தாயார் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தார். அந்தப் படம் இன்னும் எங்கள் கூடத்தில் ஓட்டையோடு தொங்குகிறது. மங்கை சிறு பெண்ணாக இருந்தபோது ஸ்டூல் போட்டு ஏறி அந்த ஓட்டையில் விரலை வைத்துப் பார்ப்பாள். யாரும் அவளைத் திட்டியதில்லை.

வேலப்பனின் உயிர்த்தோழன் சுப்பராயன் அதே அணியில் முன்வரிசையில் ஆடியவன். தம்பியின் பாடையை முன்னால் தூக்கியவன் அவன்தான். மங்கை பிறந்த அன்று நான் கப்பல் வேலையில் மாட்டிக்கொண்டேன். பூவம்மாவை ரிக்‌ஷா வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவனும் அவன்தான். பிறகு எர்ணாவூருக்குக் குடிபோய், சில வருடங்களுக்கு முன் அங்கேயே இறந்துவிட்டான். அவன் எங்கள் வீட்டுக்குள் வந்தபோதெல்லாம் என் தாயார் இருந்தார் அல்லது நான் இருந்தேன். இதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரமாவது ஆண்டில் மங்கைக்குத் திருவொற்றியூரில் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணத்துக்கு முன் முன்னோருக்குப் படைக்க வேண்டும். எல்லாப் படங்களையும் துடைத்துப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தபோது மங்கை என் அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"பெரிப்பா, தாத்தாவுக்கு படம் கீது, ஆயாவுக்கு படம் கீது. எங்கப்பாவுக்கு மட்டும் செம்புல தண்ணி வெச்சிக் கும்புட சொல்றீங்க."

"வழக்கம்மா."

"நான் வழக்கத்த ஒண்ணும் சொல்லல. தாலி ஏறுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தபா அவரு மூஞ்சிய பாத்துடணும். அவ்ளோதான். அப்பறம் நெருப்புல போட்டாலும் போடுங்க."

ஐஸ் வாங்கப் போன இடத்தில் பூவம்மா இதைச் சொல்லி அழுதிருக்கிறாள். அதைக் கேட்டுத்தான் சுப்புராஜ் என்னிடம் வந்தான்.

"அண்ணே, பேசின் பிரிட்ஜாண்ட ஒரு பாய் அட்டை விக்கிறாரு. அவருகிட்ட நம்ம வேலப்பன் அட்டை கீதாம்ணே. பழைய அட்டை. டீத்தூள் பொட்லத்துல வந்தது."

அந்த அட்டைகளைப் பற்றி எனக்குத் தெரியும். அணி கோப்பை வென்ற பிறகு ஒரு தேயிலைக் கம்பெனி ஆட்டக்காரர்களின் படங்களை அட்டையாக அச்சடித்துப் பொட்டலத்துக்குள் வைத்தது. வேலப்பனின் படம் கேட்டு அவர்களுடைய ஆள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது காரியம் முடிந்திருந்தது. படம் எதுவும் இல்லை என்று நானே சொல்லி அனுப்பினேன். பிறகு அந்தத் தேயிலை எங்கள் வீட்டுப் படி ஏறக்கூடாது என்று என் தாயார் சொல்லிவிட்டார். ஆகவே அந்த அட்டைகளில் ஒன்றைக்கூட நாங்கள் பார்த்ததில்லை. கம்பெனிக்காரர்கள் வேறு எங்கிருந்தாவது அவன் படத்தை வாங்கியிருப்பார்களோ என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

போய்ப் பார்த்தேன். ரயில் நிலையத்துக்கு ஏறும் படிகளின் ஓரத்தில் நீல பிளாஸ்டிக் விரித்து ஜாபர் உட்கார்ந்திருந்தார். விரிப்பு முழுக்கக் கிரிக்கெட் ஆட்டக்காரர்களும், தொடை பெருத்த மல்யுத்தக்காரர்களும். காற்றில் பறக்காமலிருக்க அவர்கள் நெஞ்சின்மேல் சோடா மூடிகளை வைத்திருந்தார்.

"இன்னா பெர்சு, பேரனுக்கா? சண்டக்காரன் வேணுமா, பேட் புடிக்கிறவன் வேணுமா?"

"எனக்குப் பேரு எத்திராஜ்."

"சரி எத்திராஜ் சார், கோச்சிக்காத. இன்னா வேணும்?"

"கால்பந்து அட்டை. கோல்கீப்பர் வேலப்பன்."

அவர் தலை நிமிர்ந்தது. "இந்த காலத்துல அத யாரு கேக்கறா? நீ இன்னா வேணும் அவுருக்கு?"

"அண்ணன்."

"அப்ப உனுக்கு விக்க மாட்டேன் சார்."

எனக்குக் கோபம் வந்தது. என்னிடம் கொடுக்கப் பணம் இல்லை என்று நினைத்தாயா என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"நீ லட்சம் குடுத்தாலும் விக்க மாட்டேன். செத்தவங்க மூஞ்சிய அவங்க வூட்டுக்கே வெல போட்டா அந்தத் துட்டு ஒட்டாது. எங்க அத்தா சொல்லிக் குடுத்தது. அட்டைக்கு அட்டை மாத்திக்கலாம். உன்கிட்ட இன்னா அட்டை கீது?"

"ஒண்ணும் கெடையாது. இனாமா வாங்கற குடும்பமும் இல்ல."

"தேடிப் பாரு நைனா. எல்லார் வூட்லயும் எதுனா ஒண்ணு கீது. ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வா. பொம்பளைங்களையும் இட்டுக்கினு வா."

அந்த ஞாயிற்றுக்கிழமை வியாசர்பாடியில் சொந்தக்காரர்களுக்குப் பத்திரிகை வைக்கப் போக வேண்டியிருந்தது. போகிற வழியில் புளியந்தோப்பில் இறங்கினோம். பட்டுப்புடவை கட்ட வேண்டாம் என்று பூவம்மா சொல்லியும் மங்கை கேட்கவில்லை. அப்பாவைப் பார்க்கப் போகிறேன் என்றாள்.

குடிசை மாற்று வாரியக் கட்டடத்தின் மாடியில் ஒற்றை அறை. ஜாபர் கை கழுவித் துடைத்துக்கொண்டு, கட்டிலுக்கடியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தார். அட்டைகளை முகத்தில் தொடாமல் இரண்டு ஓரங்களையும் விரல் நுனியால் பிடித்தே எடுத்தார். ஒன்றை எங்கள் முன் பாயில் வைத்தார். கீழே அச்செழுத்தில் "வேலப்பன், கோல் காப்பாளர்" என்றிருந்தது.

பூவம்மா குனிந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

அதற்குள் மங்கை அட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "பெரிப்பா, இதான் எங்கப்பாவா?"

"அச்சு அசல் உன் மூக்கும்மா!" என்றான் சுப்புராஜ். "இந்த நெத்திய பாரு. உரிச்சி வெச்ச மாரி கீது."

"இல்ல," என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"இது உங்கப்பன் இல்ல மங்கை. பேரு அவன்து. மூஞ்சி வேற யாருதோ. படம் கெடைக்காம எவனையோ வெச்சி அடிச்சிட்டாங்க."

சுப்புராஜ் என் தொடையைத் தட்டினான். "இன்னாண்ணே நீ? ஆமான்னு சொல்லிட்டு போயேன். யாருக்குத் தெரியப் போவுது? பொண்ணு கண்ணு கலங்குது பாரு."

"வேற ஆம்பள படத்துக்கு என் தம்பி பொண்ணு மாலை போட மாட்டா."

இதுதான் நான் சொன்ன சொல். இதில் ஒரு எழுத்தைக்கூட நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

"மாமா சொல்றது நெசம்," என்றாள் பூவம்மா, மகளைப் பார்க்காமல்.

மங்கை அட்டையைப் பாயில் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அட்டையைத் தொட்ட கண் என்பதாலோ என்னவோ, இரண்டு முறை துடைத்தாள்.

ஜாபருக்கு முகம் சுண்டிவிட்டது. "எனக்கு மெய்யாலுமே தெரியாது சார். இம்மாம் வருஷமா இவுருதான் வேலப்பன்னு வெச்சினுகீறேன். அட்டை சேக்கறவன் கையில இது மாட்னா இன்னும் ஒசத்தி. தப்பா அடிச்ச அட்டைக்குத்தான் அவனுங்க அலைவானுங்க."

"என் தம்பி பேர்ல இன்னொருத்தன் மூஞ்சி, அதுக்கு ஒசத்தி வேறயா?" என்று நான் எழுந்தேன்.

ஜெரினா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். கையில் டீ. "உக்காருங்கண்ணே. கல்யாணப் பொண்ண வெறும் வாயோட அனுப்புவாங்களா யாராச்சும்? இந்த ஆளு கெடக்கறாரு, டப்பாவத் தொறந்தாவே பேஜாருதான்."

உட்கார்ந்தோம். டீ சூடாக இருந்தது. ஜாபர் தாமாகவே அந்த அணியின் மற்ற அட்டைகளை ஒவ்வொன்றாகப் பாயில் பரப்பினார். எனக்குத் தெரிந்த முகங்கள். பாதிப் பேர் போய்விட்டார்கள். சுப்பராயனின் அட்டையும் அதில் இருந்தது. மற்றவர்களெல்லாம் கைகட்டி நிற்க, அவனை மட்டும் பயிற்சி மைதானத்தில் பந்தை உதைக்கும்போது எடுத்திருந்தார்கள். பந்து படத்தைவிட்டு வெளியே போயிருந்தது.

பூவம்மா டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"மாமா, இந்தக் கரைய பாருங்க."

சுப்பராயனின் காலுக்குப் பின்னால், கோல் கம்பத்தருகே, ஒருவன் பக்கவாட்டில் பாய்ந்து விழுந்து கிடந்தான். ஒரு கை முகத்துக்குக் குறுக்கே இருந்தது. மடங்கிய முழங்காலில் ஒரு துணிக்கட்டு. கறுப்பு வெள்ளையிலும் அந்தத் துணியில் சின்னச் சின்னக் கட்டங்கள் தெரிந்தன.

"இது என் கூறப்புடவ," என்றாள் பூவம்மா.

அவள் இத்தனை வருடத்தில் என் எதிரில் இவ்வளவு பேசியதில்லை. "கல்லு கெடக்கற மைதானம். ஆடிட்டு வந்தா முட்டியெல்லாம் தேஞ்சி ரத்தமா நிக்கும். பழைய துணி கட்டினா நழுவுதுன்னாரு. கூறப்புடவ கரைதான் கெட்டியா இருந்திச்சி. நான்தான் கிழிச்சி கட்டி வுட்டேன். அத்த பாத்துட்டு கேட்டாங்க. எலி கட்ச்சிடுச்சின்னு சொல்லிட்டேன்."

அது எனக்கு நினைவிருந்தது. எலி கடித்த கூறையைப் பற்றி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. வேலப்பன் போன பிறகு என் தாயார் சாகும்வரை அதைச் சொல்லிக் காட்டினார். எலி வாய் வைத்த கூறைக்குத் தாலி எப்படித் தங்கும் என்பார். பூவம்மா ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

"யாராண்டயும் சொல்லாதன்னு சொல்லி இருந்தாரு," என்றாள். "ஆம்பள புடவ கட்டிக்கினு ஆடறான்னு சிரிப்பாங்கன்னு."

மங்கை அட்டையின் மேல் குனிந்தாள். இந்த முறை தொடவில்லை.

"மூஞ்சி தெரியலியேம்மா."

"அப்டித்தான் வுழுவேன்னு வூட்ல காட்டுவாரு. கைய குறுக்க போட்டுக்கினு."

"பந்து கோல் ஆயிடுச்சா?"

"தெரில."

"புடிச்சிருப்பாரா?"

"தெரிலம்மா. நான் மைதானத்துக்குப் போனதே இல்ல."

ஜெரினா முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு உள்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மங்கை நிமிர்ந்து ஜாபரிடம் கேட்டாள். "பாய், இத குடுங்க. ஆனா எங்ககிட்ட மாத்தறதுக்கு அட்டை இல்ல." பிறகு தன் பையைப் பார்த்தாள். வியாசர்பாடிக்கு எடுத்துப்போன கல்யாணப் பத்திரிகைகள் அதில் இருந்தன. ஒன்றை எடுத்து ஜாபரிடம் நீட்டினாள்.

நான் தடுத்தேன். கல்யாணப் பெண் உட்கார்ந்தபடி பத்திரிகையை நோட்டீஸ் மாதிரி நீட்டுவது எங்கள் குடும்பத்தில் இல்லை. ஜெரினாவிடம் ஒரு தட்டு கேட்டேன். எங்கள் பையிலிருந்த வெற்றிலை பாக்கு, மஞ்சள், பூ, பழம் வைத்து, அதன்மேல் பத்திரிகையை வைத்து, பூவம்மாவும் நானும் எழுந்து நின்று, "குடும்பத்தோடு வந்து பிள்ளைகளை ஆசீர்வதிக்க வேண்டும்" என்று முறையாகச் சொல்லிக் கொடுத்தேன். ஜாபர் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கினார்.

பிரித்து உரக்கப் படித்தார். "காலஞ்சென்ற வேலப்பன், பூவம்மா தம்பதியின் குமாரத்தி மங்கை." பிறகு அதையும் விரல் நுனியால் ஓரங்களைப் பிடித்து பிஸ்கட் டப்பாவில் வைத்தார். "என்கிட்ட இருக்கற வேலப்பன் அட்டையில இது ஒண்ணுதான் சரியானது," என்றார்.

முகம் தெரியாத படம் என்பதால் அதைச் சுவரில் மாட்டினாலும் எங்கள் வழக்கம் கெடாது. ராயபுரத்தில் ஒரு ஸ்டூடியோவில் அட்டையைப் பெரிதாக்கக் கொடுத்தோம். ஸ்டூடியோக்காரர், முன்னால் இருப்பவரை வெட்டிவிட்டுப் பின்னால் இருப்பவரை மட்டும் எடுத்துத் தரட்டுமா, கீழே இருக்கும் பெயரையாவது எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். முன்னால் இருப்பவனை வெட்டினால் முழங்கால் துணியும் பாதி போய்விடும். அது மட்டும் காரணமில்லை. எங்கள் வீட்டில் கத்தரிக்கோல் ஒருமுறை வேலை செய்தது போதும். பாடையைத் தூக்கியவனைப் படத்திலிருந்து தூக்கி எறிவது எங்களுக்கு மரியாதையும் இல்லை. இருக்கிறபடியே செய்யுங்கள், ஒரு எழுத்துக்கூட எடுக்க வேண்டாம் என்றேன். சுப்பராயனும் இப்போது உயிரோடு இல்லாதவன்தான். இருவருக்கும் சேர்த்து ஒரே மாலையாகப் போடலாம்.

அப்படியே படைத்தோம். மங்கை அந்தப் படத்தின் முன் விழுந்து கும்பிட்டு எழ நெடுநேரம் ஆயிற்று. கல்யாணத்துக்கு ஜாபரும் ஜெரினாவும் வந்தார்கள். போகும்போது ஜாபர் ஒரு காகித உறையை என் கையில் வைத்தார். உள்ளே அந்தப் பொய் அட்டை.

"இத வெளில வுட மனசில்ல சார். நீயே இன்னா பண்ணணுமோ பண்ணிக்க. கிழிச்சிப் போட்டாலும் சரி."

நான் கிழிக்கவில்லை. பெயர் பொய்யாக இருக்கலாம்; அந்த முகமும் எவளோ ஒருத்தியின் தகப்பன் முகம்தான். அவள் தேடிக்கொண்டு வந்தால் கொடுப்பதற்காகப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

மங்கை படத்தைத் திருவொற்றியூருக்கு எடுத்துப் போனாள். வந்தவர்கள் போனவர்கள் மாலை போட்ட படத்தைப் பார்த்தார்கள். பின்னால் விழுந்து கிடப்பவனை யாரும் கவனிக்கவில்லை. முன்னால் நிற்பவனைப் பார்த்தார்கள். கீழே பெரிய எழுத்தில் சுப்பராயன் என்று படித்தார்கள். எங்கள் தெருவில் வந்து விசாரித்தவர்களிடம் சுப்புராஜ் ஐஸை உடைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறான்: "நான் கூடத்தான் இருந்தேம்பா. பெர்சு வேலப்பன் அட்டைய வாணாம்னு தள்ளிட்டு, சுப்பராயன் அட்டையதான் எடுத்தாரு." அவன் சொன்னதில் பொய் இல்லை. நடந்ததில் பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டான். மீதியைத் தெரு சொல்லிக்கொண்டது. சுப்பராயன் பூவம்மாவைக் கொண்டுபோன ஆஸ்பத்திரி ரிக்‌ஷாவைக்கூட நினைவு வைத்திருந்து பேச்சில் இழுத்தார்கள்.

மங்கையின் மாமியார் ஜெயக்கொடி கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வருகிறவர்கள் கேட்கிறார்கள், எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

ஆடிக்கு வந்தபோது மங்கை படத்தைப் பழைய துண்டில் சுற்றி எடுத்து வந்தாள்.

"இங்கியே வெச்சிக்குங்க பெரிப்பா. அங்க சரிப்படல."

"யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"சொல்லல. எங்கப்பா மூஞ்சி எப்டி இருக்கும்னு கேட்டாங்க." துண்டை மடித்துக்கொண்டிருந்தாள். "நான் இன்னான்னு சொல்றது?"

பூவம்மா உள்ளே போய்த் தன் கூறைப் புடவையை எடுத்து வந்தாள். கரை கிழிந்த இடத்தை விரித்துக் காட்டி, "நான் போய் அந்தம்மாகிட்ட இத காட்றேன் மாமா. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சி பாக்கட்டும்," என்றாள்.

வேண்டாம் என்றேன். எங்கள் வீட்டுப் பெண்ணின் கூறைப் புடவை இன்னொரு வீட்டு வாசலில் போய் நின்று சாட்சி சொல்லாது. அவள் அதை மடித்து உள்ளே வைத்துவிட்டாள். மங்கை மறுநாள் காலையில் கிளம்பினாள். போகும் முன் படத்தின் முன் நின்றாள். பிறகு பழக்கத்தில் பக்கத்திலிருந்த என் கல்யாணப் படத்தின் ஓட்டையில் விரலை வைத்துவிட்டுப் போனாள்.

படம் இப்போது எங்கள் கூடத்தில் இருக்கிறது. யாரும் வந்து பார்க்கலாம். சுப்பராயன்தான் மங்கையின் தகப்பன் என்றும், எத்திராஜே அதை ஒப்புக்கொண்டு படம் மாட்டினான் என்றும் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர்வரை பேசுகிறார்கள். அப்படி இல்லை. பந்தை உதைப்பவன் சுப்பராயன். கோல் கம்பத்தருகே முழங்காலில் துணி கட்டிக்கொண்டு விழுந்து கிடப்பவன் என் தம்பி வேலப்பன். மங்கை அவன் மகள்.